மதுரை வட்டாரத்தில் ஐஸ்: பார் ஐஸ் முதல் பை ஐஸ் வரை

மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும் ஐஸ் இரண்டு வடிவங்களில் விற்கப்படுகிறது. ஒன்று, தொழிற்சாலைகளில் உறையவைத்துச் சாக்கு சுற்றி வண்டியில் கொண்டுவரப்படும் பெரிய பாளம். இது 'பார் ஐஸ்' எனப்படும். மற்றொன்று, சிறு கட்டிகளாக உறையவைத்துப் பையில் அடைத்துக் கடைகளில் விற்கப்படும் ஐஸ். முதலாவது மீனுக்கும் சர்பத்துக்கும் பொதுவாக இருந்தது. இரண்டாவது குடிக்கவும் உண்ணவும் மட்டுமே செய்யப்படுவது. பார் ஐஸிலிருந்து பை ஐஸுக்கு நகர்ந்த வரலாறு, உண்ணும் ஐஸையும் பொருளைக் குளிர்விக்கும் ஐஸையும் சமூகம் மெதுவாகப் பிரித்தறிந்த வரலாறும் ஆகும். பை ஐஸ் விற்கும் கடைக்கு இயந்திரம் தேர்ந்தெடுப்பவர் முன்னுள்ள கேள்விகள் பலவும் இந்த வரலாற்றிலிருந்து வந்தவையே.

ஐஸுக்கு முந்தைய குளிர்ச்சி

மதுரைச் சமவெளியில் இயற்கையாக நீர் உறைவதில்லை. கோடை இரவுகளிலும் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். எனவே இங்குக் குளிர்ச்சி என்பது நெடுங்காலம் மண்பானை நீரையே குறித்தது. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வெட்டிவேர், நன்னாரி ஆகியவை நீருக்கு மணம் தந்தன. கோடைத் தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் பானகமும் இந்தக் குளிர்ச்சியிலேயே வழங்கப்பட்டன. காற்றில் ஈரப்பதம் கூடினால் ஆவியாதல் குறையும். எந்தப் பானையும் நீரை உறையவைக்காது.

வட இந்தியாவில் நிலை வேறு. அங்குக் குளிர்கால இரவுகளில், ஆழமற்ற மண்தட்டுகளில் நீர் ஊற்றி, வைக்கோல் முதலியவை பரப்பிய பள்ளங்களில் திறந்த வானத்தின்கீழ் வைத்து ஐஸ் எடுத்தனர். தட்டு நிலத்தின் சூட்டிலிருந்து பிரிக்கப்பட்டு, தன் வெப்பத்தைத் தெளிந்த வானத்துக்கு இழப்பதால் மேலே மெல்லிய ஐஸ் படியும். அலகாபாத் முதலிய இடங்களில் கண்ட இம்முறையை ராபர்ட் பார்க்கர் 1775-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் விவரித்தார். வறண்ட, குளிர்ந்த இரவுகள் இல்லாத தென்தமிழகச் சமவெளியில் இம்முறைக்கு இடமில்லை. ஐஸ் இங்கு வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது.

கடல்வழி வந்த ஐஸ்

முதலில் வந்த ஐஸ் அமெரிக்க ஏரிகளில் விளைந்தது. பாஸ்டன் நகர வணிகர் பிரடெரிக் டியூடர் (1783–1864) 1806-இல் மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்கு ஐஸ் ஏற்றுமதி செய்யத் தொடங்கினார். தொடக்கத்தில் நட்டப்பட்டாலும் மூன்று செய்திகளை அவர் கற்றுக்கொண்டார். பாளங்கள் ஒரே அளவாக இருந்தால் இடைவெளியின்றி அடுக்கலாம். இடைவெளி குறைந்தால் உருகுவதும் குறையும். மரத்தூள் சிறந்த வெப்பக்காப்பு. நத்தானியல் வையத் 1825-இல் வடிவமைத்த குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை, ஏரிப்பரப்பைச் சம அளவுக் கட்டங்களாக அறுக்க உதவியது.

1833 மே மாதம் பாஸ்டனிலிருந்து 180 டன் ஐஸுடன் புறப்பட்ட 'டஸ்கனி' என்ற கப்பல், நான்கு மாதம் கடலில் பயணம் செய்து நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து கல்கத்தாவை அடைந்தது. அப்போதும் ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் ஐஸ் சேமிப்புக் கட்டடங்கள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. ஐஸ் வணிகம் முடிந்தபின் அக்கட்டடம் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் இல்லமானது. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்குத் தங்கினார். 1963-இல் அது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் அப்பகுதிக்கு 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

அமெரிக்க ஐஸ் துறைமுக நகரங்களின் பண்டமாகவே இருந்தது. ஐரோப்பியர் இல்லங்கள், விடுதிகள், மருத்துவமனைகள் போன்றவையே அதைப் பயன்படுத்தின. சென்னையிலிருந்து ஏறத்தாழ 460 கி.மீ. தொலைவிலுள்ள மதுரைக்கு ரயில் வந்தது 1875-இல்தான். மாட்டுவண்டிக் காலத்தில் அந்தத் தொலைவைக் கடக்கும் முன் ஐஸ் நீராகியிருக்கும்.

இயந்திரத்தில் உறைந்த ஐஸ்

ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834-இல் லண்டனில் ஆவி அழுத்தக் குளிர்பதன முறைக்குக் காப்புரிமை பெற்றார். புளோரிடா மருத்துவர் ஜான் கோரி, காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்கும் முயற்சியில் இறங்கி 1851-இல் ஐஸ் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் 1850-களில் வணிக அளவில் ஐஸ் செய்தார். பிரான்சின் பெர்டினாண்ட் கரே 1859-இல் அம்மோனியாவைப் பயன்படுத்தும் இயந்திரத்தையும், ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே 1870-களில் அம்மோனியா அழுத்த இயந்திரத்தையும் உருவாக்கினர். சென்னையில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனியும் கல்கத்தாவில் 1878-இல் பெங்கால் ஐஸ் கம்பெனியும் தோன்றின. உள்ளூரிலேயே ஐஸ் கிடைத்ததும் டியூடர் நிறுவனத்தின் இந்திய வணிகம் சில ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது.

அக்கால வணிகத்தின் ஓர் அடையாளம் இன்றைய வீடுகளிலும் இருக்கிறது. ஏ.சி. வாங்கும்போது '1 டன்', '1.5 டன்' என்பது இயந்திரத்தின் எடையைக் குறிப்பதில்லை. ஓர் அமெரிக்க டன் (907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த அளவு குளிர்விக்கும் திறனே 1 டன். இது ஏறத்தாழ 3.5 கிலோவாட்டுக்குச் சமம். குளிர்பதன இயந்திரங்கள் ஐஸின் இடத்தைப் பிடிக்க வந்தவை என்பதால் அவற்றை ஐஸால் அளந்தனர்.

பார் ஐஸ் செய்யும் முறை

ஐஸ் தொழிற்சாலைக்குத் தடையற்ற விசையும் போதிய நீரும் தேவை. 1932-இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா, 1944-இல் தொடங்கிய பாபநாசம் ஆகிய நீர்மின் நிலையங்கள் தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களுக்கு மின்சாரம் பரவ வழிசெய்தன. மின்விசை கிடைத்த ஊர்களில் துறைமுகத்தை நம்பாமலே ஐஸ் செய்ய முடிந்தது.

பார் ஐஸ் செய்யும் முறை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அதிகம் மாறவில்லை. பெரிய தொட்டியில் உப்புக்கரைசலை நிரப்பி, அம்மோனியா இயந்திரத்தால் அதை −10 டிகிரி அளவுக்குக் குளிர்விப்பார்கள். உப்பு கலந்திருப்பதால் கரைசல் உறைவதில்லை. நல்ல நீர் நிரப்பிய நீள்சதுரத் தகர அச்சுகளை அதில் இறக்கினால், நீர் ஓரத்திலிருந்து உள்நோக்கி உறையும். உறைந்தபின் அச்சைச் சாதாரண நீரில் சற்று அமிழ்த்தினால் பாளம் கழன்று வரும்.

உறையும் நேரம் தடிமனின் இருமடிப்படி வளர்கிறது. தடிமன் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். ஏற்கெனவே உறைந்த ஐஸே உள்ளிருக்கும் நீருக்குப் போர்வைபோல் ஆகிவிடுவது இதற்குக் காரணம். சுமார் 28 செ.மீ. தடிமனுள்ள பாளம் முழுதும் உறைய ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். சில மில்லிமீட்டரிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் வரை தடிமனுள்ள சிறு கட்டிகள் அரைமணி நேர அளவில் உறைந்துவிடும். பெரிய பாளம் மெதுவாக உறைந்தாலும் மெதுவாகவே உருகும். மரத்தூள், உமி, சாக்கு ஆகியவற்றைச் சுற்றி அதை வெகுதூரம் அனுப்பலாம். டியூடரின் மரத்தூள் இவ்வாறு தமிழக ஐஸ் வண்டிகளிலும் தொடர்ந்தது.

நீர் உறையும்போது கரைந்துள்ள உப்பையும் காற்றையும் வெளியே தள்ளுகிறது. ஆகவே ஓரம் கண்ணாடிபோலத் தெளிந்திருக்க, தள்ளப்பட்டவை நடுவில் சேர்ந்து வெண்மையாகத் தெரியும். வெண்மை மட்டுமே அசுத்தத்துக்குச் சான்றன்று. தெளிவும் சுத்தத்துக்குச் சான்றாகாது.

ஒரே பாளம், பல பயன்கள்

மதுரையில் பார் ஐஸின் பெரும் பயன் மீன் வணிகத்தில் இருந்தது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் இந்நகருக்கு ராமேசுவரம், தூத்துக்குடி முதலிய கரைகளிலிருந்து மீன் வருகிறது. விடுதலைக்குப்பின் விசைப்படகுகளும் இறால் ஏற்றுமதியும் பெருகியபோது கடற்கரை ஊர்களில் ஐஸ் தொழிற்சாலைகளும் பெருகின. கரிமேடு மீன் சந்தை போன்ற இடங்களில் உடைத்த ஐஸுக்கிடையில் மீன் வைத்து விற்பது வழக்கமாயிற்று. வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் மல்லிகையும் குளிர்ச்சியோடு பொதியப்படுகிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மொட்டு விரியாமல் சென்றுசேர இது தேவை.

இனிப்புக் கடைகளும் பானக் கடைகளும் அதே பார் ஐஸை வாங்கின. உடைத்த ஐஸுடன் கல்லுப்பு கலந்தால் கலவையின் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே −21 டிகிரி வரை இறங்கும். மரவாளியில் அந்தக் கலவையை நிரப்பி, நடுவில் பால் பாத்திரத்தை வைத்துச் சுழற்றிக் கையால் ஐஸ்கிரீம் செய்தார்கள். மதுரையின் அடையாளமாகிவிட்ட ஜிகர்தண்டாவில் பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத் ஆகியவற்றுடன் ஐஸ்கிரீமும் சேர்கிறது. ஜிகர் என்றால் ஈரல் அல்லது நெஞ்சு, தண்டா என்றால் குளிர்ச்சி. சிற்றூர்களில் சைக்கிள் பெட்டியில் வந்த குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ் ஆகியவையும் உப்புக்கரைசல் தொட்டியில் சிறு அச்சுகளை இறக்கிச் செய்யப்பட்டவையே.

இன்னொரு பயனும் உண்டு. மின்சாரக் குளிர்பெட்டிகள் வாடகைக்குக் கிடைக்கும் முன், வெளியூரிலிருந்து உறவினர் வந்துசேரும் வரை இறந்தவர் உடலைக் காக்கப் பார் ஐஸே வாங்கப்பட்டது. மீனுக்கும் சடலத்துக்கும் கரும்புச்சாற்றுக்கும் ஒரே தொழிற்சாலையிலிருந்து, சில நேரம் ஒரே வண்டியில் ஐஸ் போயிற்று. மீனைக் குளிர்விக்கும் ஐஸ் எந்த நீரால் ஆனது என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதே பாளத்தைச் சாக்கில் சுற்றித் தரையில் வைத்துக் கட்டையால் அடித்து உடைத்துக் கண்ணாடிக் குவளையில் போடும்போதுதான் சிக்கல் தொடங்கியது.

உறைந்தால் கிருமி செத்துவிடும் என்ற எண்ணம் பரவலானது. அது தவறு. உறைநிலை பல நுண்ணுயிர்களின் பெருக்கத்தை நிறுத்துகிறது, அவ்வளவே. டைபாய்டு, ஹெபடைடிஸ்-ஏ போன்ற நோய்களைத் தரும் கிருமிகள் ஐஸுக்குள் உயிர்ப்புடன் தங்கி, உருகியதும் குடலுக்குச் செல்லக்கூடும். நீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பவரும் அதில் இரு கட்டி ஐஸ் போட்டால் கொதிக்கவைத்த பயனை இழக்க நேரும்.

நீல ஐஸ்

இந்தியாவில் உண்ணும் ஐஸ் உணவுப்பொருளாகவே கருதப்படுகிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ் அதைச் செய்வோரும் விற்போரும் பதிவோ உரிமமோ பெற வேண்டும். அதற்குக் குடிநீர்த் தரமுள்ள நீரே பயன்பட வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500. அதன்படி நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்புடையது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு.

ஆனால் குவளையில் மிதக்கும் கட்டியைப் பார்த்து எந்த நீரால் ஆனது என்று சொல்ல இயலாது. இதற்காக உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-இல் ஓர் எளிய வழியை அறிவித்தது. கெட்டுப்போகும் பொருள்களைக் காக்கவும் அனுப்பவும் செய்யப்படும் உண்ணத்தகாத ஐஸில், பத்து லட்சத்தில் 10 பங்கு வரை இண்டிகோ கார்மைன் அல்லது பிரில்லியண்ட் புளூ என்ற நீலச் சாயம் சேர்க்க வேண்டும். ஜூன் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒரே பெயரில் விற்ற இரு பொருள்களுக்கு இரு நிறங்கள் கிடைத்தன. வாடிக்கையாளர் எந்தக் கருவியுமின்றிக் கண்ணாலேயே வேறுபாட்டைக் காண வேண்டும் என்பதே இதன் நோக்கம். ஆணையை எல்லோரும் கடைப்பிடித்தால் மட்டுமே அது நிறைவேறும்.

பை ஐஸ்

உண்பதற்கென்றே ஐஸ் செய்து பையில் அடைத்து விற்பது இந்தப் பிரிவினையின் அடுத்த படி. சில்லறை ஐஸ் விற்பனையிலிருந்து பெரும் வணிகம் வளர்ந்ததற்கு உலக முன்னுதாரணம் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சவுத்லேண்ட் ஐஸ் நிறுவனத்தின் ஐஸ் விற்பனை நிலையம் 1927-இல் பால், ரொட்டி, முட்டை ஆகியவற்றையும் சேர்த்து விற்றது. பின்னர் உலகெங்கும் பரவிய 'செவன் இலெவன்' கடைகளின் தொடக்கம் அதுவே.

மதுரையில் பை ஐஸுக்கான தேவை காலத்தைப் பொறுத்தது. சித்திரைத் திருவிழா, முகூர்த்த நாட்கள், ரமலான் நோன்பு மாலைகள் போன்ற நாட்களில் தேவை பெருகும். மழைக்காலத்தில் சரியும்.

இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

விற்பனைக் கடைக்குரிய இயந்திரங்களில் மூன்று வகை முதன்மையானவை. கனசதுரக் கட்டி இயந்திரம், குளிர்ந்த தகட்டின்மேல் நீரை வழியவிட்டு உறையவைக்கிறது. குழாய் ஐஸ் இயந்திரம், செங்குத்தான குழாய்களின் உட்சுவரில் உறையவைத்து நடுவில் துளையுள்ள கட்டிகளைத் தருகிறது. இவ்விரண்டிலும் ஓடும் நீர் உப்பையும் காற்றையும் அடித்துச் செல்வதால் கட்டி தெளிவாக அமையும். மூன்றாவதான செதில் ஐஸ் மீனுக்கும் காய்கறிக்கும் ஏற்றது. பையில் எளிதில் ஒட்டிக்கொள்வதாலும் விரைவில் உருகுவதாலும் பானத்துக்கு ஏற்றதன்று.

கொள்திறன் கணக்கில் வெப்பநிலையைக் கவனிக்க வேண்டும். பல இயந்திரங்களின் விளம்பரத் தாளில் முதலில் தரப்படும் அளவு, காற்று 21 டிகிரியும் நீர் 10 டிகிரியும் உள்ள நிலைக்கு உரியது. அமெரிக்கத் தொழில்தர அளவீடு காற்று 32, நீர் 21 டிகிரியில் எடுக்கப்படுகிறது. அந்த நிலையிலேயே உற்பத்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவது வழக்கம். மதுரைக் கோடையில் நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. மாடித் தொட்டி நீரும் சுடும். ஐஸ் அதிகம் விற்கும் நாளில்தான் இயந்திரம் குறைவாகச் செய்யும். நாளொன்றுக்கு 5 கிலோ பை 100 விற்க விரும்புபவர், தாளில் 500 கிலோ என்றிருக்கும் இயந்திரத்தை நம்பினால் சித்திரையில் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப நேரும்.

30 டிகிரி நீரில் 1 கிலோவை 0 டிகிரி ஐஸாக்க ஏறத்தாழ 460 கிலோஜூல் வெப்பத்தை அகற்ற வேண்டும். இதில் 334 கிலோஜூல் உறைவதற்கும் மீதி நீரைக் குளிர்விப்பதற்கும் செல்கிறது. நீரை நிழலில் வைப்பது, தொட்டிக்கு வெப்பக்காப்பு செய்வது ஆகியவை பெரிய செலவில்லாமலே மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பார் ஐஸ் தொழிற்சாலை ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 50 முதல் 70 யூனிட் மின்சாரம் செலவிட, கடை அளவிலான கனசதுர இயந்திரம் 100 யூனிட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பை ஐஸின் விலை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

நீர் அடுத்த கேள்வி. இவ்வட்டாரத்தின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உப்பும் கடினமும் மிக்கது. சுண்ணாம்புப் படிவு தகட்டின்மேல் படிந்தால் குளிர் கடத்துவது குறைந்து, கட்டிகள் கழல மறுக்கும். ஆர்.ஓ. முறையில் வடிகட்டினால் இது தீரும். ஆனால் கழிவாக வெளியேறும் நீரையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீரால் குளிரூட்டப்படும் இயந்திரம் கோடையில் நன்கு இயங்கினாலும், குளிர்விப்புக் கோபுரம் இல்லையென்றால் நீரை ஏராளமாகச் செலவிடும். வைகையில் நீர் குறையும் ஆண்டுகளை அறிந்த ஊரில் காற்றால் குளிரூட்டப்படும் இயந்திரமே சிறு கடைக்கு ஏற்றது. அதன் வெப்பம் வெளியேறும் பகுதியைக் கடைக்குள் அடைத்துவைக்காமல் காற்றோட்டமான இடத்தில் அமைக்க வேண்டும்.

பலர் மறந்துவிடுவது சேமிப்பு. இயந்திரத்தின் கீழுள்ள பெட்டி வெப்பக்காப்புப் பெட்டியே தவிர உறைபெட்டி அன்று. அதிலுள்ள ஈர ஐஸைப் பையிலிட்டு உறைபெட்டியில் நேரே அடுக்கினால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும். ஈரம் வடிந்தபின் பையிலிட்டு −10 டிகிரி அளவில் வைத்தால் கட்டிகள் உதிரியாக இருக்கும். சேமிப்பு பெரிதாக இருந்தால், இரவின் குளிர்ந்த நேரத்தில் இயந்திரத்தை ஓட்டி மறுநாள் விற்கலாம். அதனால் நடுத்தர இயந்திரமே போதுமாகும். மின்தடையையும் தாங்கலாம். பல கடைகளுக்கு இயந்திரத்தைப் பெரிதாக்குவதைவிடச் சேமிப்பைப் பெரிதாக்குவதே நல்ல முதலீடு.

தூய்மை கடைசி நிபந்தனை. ஐஸைத் தொடும் கைக்கு உறை, பைக்கு முத்திரை, குறித்த கால இடைவெளியில் படிவு நீக்கமும் கிருமி நீக்கமும் தேவை. ஐஸ் அள்ளும் கரண்டியை ஐஸுக்குள்ளேயே புதைத்துவைக்கக் கூடாது. பெட்டிக்குள் மீனோ இறைச்சியோ வைக்கக் கூடாது.

இன்றைய நிலை

பார் ஐஸ் மறையவில்லை. மீன் வணிகத்துக்கு அதைவிட மலிவான, நீடித்த குளிர்ச்சி இன்னும் இல்லை. அதற்குரிய இடத்தில் அது தேவையான பொருள். பை ஐஸ் அதற்குப் போட்டி என்பதைவிட வேறொரு பொருள் என்பதே பொருத்தம். சாலையோரக் கரும்புச்சாறு கடைக்காரர் விலை குறைந்த பாளத்தை விட்டு விலை கூடிய பையை வாங்குவாரா என்பதைப் பொறுத்தே இரண்டும் முழுதாகப் பிரியும். கடைகளில் இயந்திரங்கள் பெருகி, பையின் விலை அவர் வாங்கும் அளவுக்கு இறங்கினால், குவளையில் மிதக்கும் ஐஸ் எந்த நீரால் ஆனது என்ற கேள்விக்குப் பையின் மேலேயே விடை இருக்கும்.